சுரை கசந்ததற்குப் பாகல் காரணமில்லை

கேள்வி: திருச்சியில் நான்கு வருடமாக மாடித்தோட்டம் போட்டு வருகிறேன். விதைக்குக் கடையை நம்பக்கூடாது என்று போன வருடம் நானே விதை எடுக்க ஆரம்பித்தேன். எடுத்ததெல்லாம் சொதப்பிவிட்டது. கடையில் வாங்கிய ஹைப்ரிட் தக்காளி பிரமாதமாகக் காய்த்தது. அதன் விதையைப் போட்டால் செடிக்குச் செடி வேறு வேறு காய். சமையலுக்கு வாங்கிய கத்தரியில் முற்றியதாக ஒன்றைப் பார்த்து விதை எடுத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. அவரை விதையைக் காயவைத்து டப்பாவில் மூடித்தான் வைத்தேன், திறந்தால் மாவும் வண்டும். எல்லாவற்றையும்விட வருத்தம், அம்மா வீட்டுச் சுரை. தையில் போட்ட மூன்று கொடியில் ஒன்றில் மட்டும் காய் கசக்கிறது. பக்கத்துத் தொட்டியில் பாகல் இருந்தது, அதனால்தான் என்கிறார்கள். அந்தக் கசப்புக் காயைச் சமைக்கலாமா? ஆடிப்பட்டம் வருகிறது. பேசாமல் எல்லாவற்றுக்கும் பாக்கெட் வாங்கிவிடட்டுமா? ஊரில் அண்ணன் வீட்டில் இன்னும் அந்தச் சுரை இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் தோட்டத்து நஷ்டம், இது உடம்பு சம்பந்தப்பட்டது. கசக்கிற சுரையைச் சாப்பிடவே கூடாது. வேகவைத்தாலும், உப்புப் போட்டுப் பிழிந்தாலும் அந்தக் கசப்பு போகாது. குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள்தான் அப்படிக் கசக்கிறது. கசந்த சுரையை, அதிலும் பச்சையாகச் சாறு பிழிந்து குடித்தவர்கள், கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. இனிமேல் வீட்டுச் சுரையோ, கடைச் சுரையோ, நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு.

பாகலின் மேல் பழி போடுவது ஊரெல்லாம் கேட்கிற பேச்சுதான், ஆனால் அது நடக்காது. சுரையும் பாகலும் ஒரே குடும்பம் என்றாலும் வேறு வேறு இனம். பாகல் மகரந்தம் சுரைப்பூவில் விழுந்தாலும் விதை பிடிக்காது. பீர்க்கனும் புடலும் அப்படியே. சுரைக்குச் சுரைதான் சேரும்.

அப்படியானால் எப்படிக் கசந்தது? வெயிலில் தண்ணீர் கிடைக்காமல் வாடிய கொடியிலும் கொஞ்சம் கசப்பு ஏறுவது உண்டு. ஆனால் உங்களிடம் மூன்று கொடிக்கும் ஒரே வெயில், ஒரே தண்ணீர். ஒன்று மட்டும் கசக்கிறது என்றால் வளர்ப்பைவிட விதையைத்தான் சந்தேகிக்க வேண்டும். போன வருடம் உங்கள் கொடி பூத்தபோது, அக்கம்பக்கத்தில் வேறொரு சுரையும் பூத்திருக்கும். கசக்கிற காட்டுச் சுரையான பேய்ச்சுரை வேலியில் தானாகவே படர்ந்து கிடப்பதுண்டு. சுரைப்பூ சாயங்காலம் விரிகிற பூ. இரவில் அந்துப்பூச்சி வரும், விடிந்தால் தேனீ வரும், இவை எதுவும் வீட்டு எல்லை பார்ப்பதில்லை.

இதில் பலரையும் ஏமாற்றுவது ஒன்று உண்டு. நீங்கள் விதைக்கு விட்ட போன வருடக் காயில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. காயின் தோலும் சதையும் முழுக்கத் தாய்க்கொடியைச் சேர்ந்தவை. எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் சதையின் ருசி மாறாது. மாறுவது உள்ளே இருக்கும் விதை. அதை நட்டு, அது கொடியாகிக் காய்க்கும்போதுதான் தகப்பன் யாரென்று தெரியும். ஒரே காயில் இருக்கும் விதைகளுக்குள்ளேயே தகப்பன் வேறுபடலாம், அதனால்தான் மூன்றில் ஒன்று மட்டும் கசந்தது.

கசக்கும் கொடியை இன்றே பிடுங்கிவிடுங்கள். மற்ற இரண்டின் காய் கசக்காதவரை சாப்பிடலாம். ஆனால் அவற்றில் இந்த வருடம் விதை எடுக்க வேண்டாம். பிடுங்கிய கொடியின் மகரந்தம் இதற்குள் அங்கேயும் போயிருக்கும்.

இனி சுரை விதை எடுப்பதென்றால் பூவை நீங்களே கட்டிச் சேர்க்க வேண்டும். பெண்பூவின் அடியில் கட்டைவிரல் நுனியளவுக்குக் குட்டிச் சுரை இருக்கும், ஆண்பூவுக்கு நீளமான வெறும் காம்பு. அன்று சாயங்காலம் விரியப்போகும் மொட்டு வெளுத்து, நுனி லேசாகத் தளர்ந்திருக்கும். மதியமே ஆண்மொட்டு ஒன்று, பெண்மொட்டு ஒன்றைப் பார்த்து, இதழ் நுனியைத் தையல் நூலால் சுற்றிவிடுங்கள், இறுக்க வேண்டாம். பொழுது சாயும்போது ஆண்பூவைக் காம்போடு பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் நன்றாகத் தடவுங்கள். மஞ்சள் தூள் ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். பிறகு பெண்பூவின் இதழை மறுபடி நூலால் மூடி, காம்பில் ஒரு கலர் நூலை அடையாளத்துக்குக் கட்டிவிடுங்கள். சில நாளில் பிஞ்சு பருத்தால் சேர்ந்துவிட்டது, மஞ்சளித்து விழுந்தால் வேறொரு பூ. ஒரே ரகத்தில் இரண்டு மூன்று கொடி இருந்தால் ஆண்பூவை அடுத்த கொடியிலிருந்து எடுங்கள். பீர்க்கனும் புடலும் சாயங்காலக் கணக்குதான். பாகல், பூசணி, வெள்ளரி காலையில் விரியும், அவற்றுக்கு முந்தின நாள் மாலையே மொட்டைக் கட்ட வேண்டும்.

சரி, தக்காளி. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஹைப்ரிட் என்பது இரண்டு வேறு வேறு பெற்றோரைச் சேர்த்து, அந்த முதல் தலைமுறைக்காக மட்டுமே உண்டாக்கியது. அந்த ஒரு தலைமுறை மட்டும் ஒரே சீராக இருக்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாத்தா பாட்டி குணமெல்லாம் பிரிந்து வெளியே வரும். ஒன்று குண்டாக, ஒன்று நீளமாக, ஒன்று காய்க்கவே காய்க்காமல். வந்ததில் பிடித்ததை மட்டும் வைத்து ஆறு, ஏழு தலைமுறை தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் உங்களுக்கென்று ஒரு ரகம் நிலைக்கும். பொறுமை இருந்தால் நல்ல விளையாட்டு, ரசத்துக்குத் தக்காளி வேண்டுமென்றால் வேண்டாம்.

பாக்கெட்டில் 'எஃப் 1' என்றோ ஹைப்ரிட் என்றோ போட்டிருந்தால் அதில் விதை எடுக்காதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்து விதைகளில் பெயரிலேயே இது தெரியும். கோ 3 என்றால் ரகம், அதாவது விதை எடுத்துப் போட்டாலும் தாயைப் போலவே காய்ப்பது. கோ டி.எச். என்று நடுவில் 'எச்' வந்தால் ஹைப்ரிட். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 தக்காளி ரகம்தான், தாராளமாக விதை எடுக்கலாம். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா வரிசையில் மட்டும் கவனம் வேண்டும். அர்க்கா விகாஸ் ரகம், அர்க்கா ரக்ஷக் ஹைப்ரிட். பெயரைப் பார்த்தால் தெரியாது, கேட்டு வாங்குங்கள்.

ரகத் தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும், நூல் கட்டும் வேலை இல்லை. நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, விதையும் வழுவழுப்புமாக ஒரு டம்ளரில் விட்டு, ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் புளிக்க விடுங்கள். புத்தகங்களில் மூன்று நாள் என்று இருக்கும். அது குளிர் தேசத்துக் கணக்கு, திருச்சி வெயிலில் மூன்றாம் நாள் டம்ளருக்குள்ளேயே முளைவிட்டுவிடும். விதையைச் சுற்றியுள்ள அந்த வழுவழுப்பில்தான் முளைப்பைத் தடுக்கும் சத்து இருக்கிறது, புளித்தால் அது கரைந்துவிடும். தண்ணீர் விட்டு அலசினால் நல்ல விதை அடியில் நிற்கும், சக்கையும் பதரும் மிதக்கும். பேப்பரில் உலர்த்தாதீர்கள், ஒட்டிக்கொண்டு வராது. மெல்லிய துணி போதும்.

கத்தரியைப் பொறுத்தவரை, சமையலுக்கு முற்றல் என்று நாம் ஒதுக்கும் காய், விதைக்கு இன்னும் பிஞ்சுதான். பூ பிடித்து ஒன்றரை மாதத்துக்கு மேல் செடியிலேயே கிடந்து, ஊதா போய், பச்சை போய், மஞ்சள் பாய்ந்து, பளபளப்பு செத்துத் தொங்க வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. அதைப் பறித்து ஒரு வாரம் மூலையில் போட்டுவையுங்கள். பிறகு தரையில் உருட்டி அழுத்தினால் உள்ளே சதை நெகிழும். அடிப்பாகத்தை நறுக்கி வாளித் தண்ணீரில் பிசைந்தால், தவிட்டு நிறத்தில் கெட்டியான விதை அடியில் இறங்கும். வெள்ளையாக மிதப்பதெல்லாம் பொக்கு. நீங்கள் எடுத்தது பெரும்பாலும் அந்த வெள்ளை விதையாகத்தான் இருந்திருக்கும். இன்னொன்று, எடுத்த கையோடு விதைத்தால் சில கத்தரி ரகங்கள் கொஞ்ச காலம் தூங்கும். ஒன்றிரண்டு மாதம் விட்டு விதையுங்கள்.

கத்தரியில் தேனீயும் வண்டும் கொஞ்சம் கலப்பு செய்துவிடும். இரண்டு ரகம் வைத்திருந்தால், விதைக்கு விடும் கிளையின் மொட்டுகளை மெல்லிய வலைத்துணிப் பைக்குள் கட்டி, பூத்ததும் பையோடு லேசாகத் தட்டிவிட்டால் போதும். மிளகாய்க்கும் இதுவே. வெண்டை இன்னும் சுலபம். நாளை காலை விரியப்போகும் மொட்டை இன்று மாலை நூலால் சுற்றிவிட்டால், பூ உள்ளுக்குள்ளேயே சேர்ந்து இரண்டொரு நாளில் இதழ் உதிரும். அந்தக் காயை மட்டும் செடியிலேயே நாராகி, காய்ந்து, விளிம்பில் வெடிப்பு விடும்வரை விட்டுவிடுங்கள்.

எந்தக் காயை விதைக்கு விடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். நல்லதையெல்லாம் பறித்துக் குழம்பு வைத்துவிட்டு, பருவம் முடியும்போது கொடியில் கோணிக்கொண்டு கிடப்பதை விதைக்கு என்று விடுகிறோம். செடி களைத்துப்போய்க் காய்த்த காய் அது. தேமல் விழாத, நன்றாகக் காய்க்கும் செடியில், இரண்டாம் மூன்றாம் பறிப்பில் வரும் நல்ல காயாகப் பார்த்து நூல் கட்டிவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வையுங்கள். நூல் கட்டிய காயை யாராவது சாம்பாருக்குப் பறித்துவிடுவது எல்லா மாடியிலும் நடக்கிறது.

அவரை வண்டு டப்பாவுக்குள் நுழைந்து வரவில்லை, விதையோடுதான் போயிருக்கிறது. காய் செடியில் முற்றும்போதே பயறு வண்டு அதன் மேல் முட்டை வைத்துவிடும். புழு விதைக்குள் துளைத்துப் போய், வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். விதை மேல் குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. நன்றாகக் காய்ந்த விதையை இறுக மூடிய பாட்டிலில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். ஈரமான விதையை வைத்தால் விதையும் சேர்ந்து சாகும், அதனால் காய்ச்சல் முக்கியம். ஃப்ரீசர் வேண்டாமென்றால், சலித்த அடுப்புச் சாம்பலை விதை மறையும் அளவுக்குக் கொட்டிக் கலந்து வையுங்கள். வண்டு நடமாட முடியாது. பாட்டிகள் செய்தது இதுதான், சும்மா இல்லை. வேப்பிலையை மேலாக நாலு போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கிறேன், அது போதாது.

காயவைப்பது என்றாலே நாள் முழுக்க மொட்டை மாடி வெயில் என்று நினைக்கிறார்கள். காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை, பிறகு மூன்று மணிக்கு மேல், அவ்வளவுதான். உச்சி வெயிலில் எடுத்துவிடுங்கள், சிமெண்டுத் தரையில் நேராகப் பரப்பவும் வேண்டாம். கழுவிய ஈர விதையை முதல் நாள் நிழலில் உலர்த்தி அப்புறம் வெயிலுக்குக் கொண்டுபோங்கள். அவரை, சுரை போன்ற பெரிய விதையைக் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டக்கென்று உடைந்தால் சரி.

விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வைக்கும் இடத்தின் சூடு ஐந்து டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது எங்கள் துறையில் பழைய கணக்கு. திருச்சிச் சமையலறை அலமாரியில் துணி முடிச்சில் இருக்கும் விதை அடுத்த பட்டத்துக்கே தள்ளாடும். கண்ணாடிப் பாட்டில், அடியில் ஒரு கை வறுத்து ஆறிய அரிசி, அதன் மேல் பெயரும் மாதமும் எழுதிய சின்னக் காகித உறையில் விதை, இறுக்கமான மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு. வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். பாட்டிலின் குளிர்ச்சி முழுக்கப் போன பிறகு திறந்தால்தான் உள்ளே வியர்க்காது. இப்படி வைத்தால் தக்காளி, கத்தரி, சுரை வகைகள் மூன்று நான்கு வருடம் தாங்கும். மிளகாயும் வெண்டையும் இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெங்காய விதையை ஒரு வருடத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

ஆடிக்கு இன்னும் நாள் இருப்பதால் கையில் உள்ள விதையை இப்போதே சோதித்துவிடலாம். ஈரத்துணியில் இருபது விதையை இடைவெளி விட்டு வைத்துச் சுருட்டி, நிழலில் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தக்காளி, வெண்டைக்கு ஒரு வாரம், கத்தரி, மிளகாய், பாகலுக்கு இரண்டு வாரம். சான்று விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்பு, தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் பாகலுக்கும் 60. அதாவது தக்காளியில் இருபதுக்குப் பதினான்கு வந்தால் தேறியது. பத்து வந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், குழிக்கு இரண்டாகப் போடுங்கள். நாலைந்துதான் என்றால், வந்த முளை முழுதும் தொட்டிக்கு, மீதி விதை செடிக்கு உரம்.

தக்காளி, கத்தரி, மிளகாயை ஆனியிலேயே குழித்தட்டில் போடுங்கள். தக்காளி நாற்று 25 நாளில் தயார், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 நாள் பக்கம் ஆகும், எனவே மிளகாய் முதலில். நன்றாக அலசிப் பிழிந்த தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சரிபாதி. அலசாத நாரில் உப்பு இருக்கும், முளை கருகும். விதையின் கனத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். கலவையில் ஒரு ஸ்பூன் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத் தூளைக் கலந்தால் நாற்றழுகல் குறையும். ஆனால் அதையும் தாண்டி நாற்றைக் கொல்வது அளவுக்கு மீறிய தண்ணீர். தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நூலாகச் சுருங்கிப் படுத்தால் தண்ணீரை நிறுத்துங்கள். முளை தலை காட்டியதும் தட்டை இளவெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். வராந்தா நிழலில் பாதுகாப்பாக வைத்த நாற்று வெளிறி நெட்டையாகி விழுந்துவிடும்.

கொடி வகைகள் வேர் அலைவதை விரும்பாது, தொட்டியிலேயே நேராக ஊன்றுங்கள். பாகல் விதை ஓடு கெட்டி. கூர்மையான முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டு ஓர் இரவு ஊறவைத்தால் சீக்கிரம் வரும். கொத்தமல்லியை உருட்டி இரண்டாக உடைத்துப் போடுங்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, ஓரமாகக் கொஞ்சம் ரவையைப் போட்டுவிட்டால் எறும்பு விதையை விட்டு ரவையைத் தூக்கிப் போகும். பந்தல் அவரையை ஆடியில் போட்டுவிட்டு ஐப்பசி வரை பூக்கவில்லையே என்று தவிக்காதீர்கள். பகல் குறுகினால்தான் அது பூக்கும். செடி அவரைக்கு அந்தக் கணக்கு இல்லை.

பாக்கெட் வாங்கலாமா என்றால், சிலதுக்கு வாங்கத்தான் வேண்டும். காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் குளிர் பட்டால்தான் பூக்கும், திருச்சி மாடியில் விதை வராது. ஹைப்ரிட் தக்காளியின் விளைச்சல் பிடித்திருந்தால் அதையும் வருடா வருடம் வாங்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் பூசி வரும் விதையில் பூஞ்சாணக் கொல்லியோ பூச்சிமருந்தோ கலந்திருக்கும். கையால் அளைய வேண்டாம், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வெண்டை, அவரை, கத்தரி, கீரை இந்த நான்கையும் இந்த ஆடியிலிருந்து நீங்களே விதை எடுங்கள். இவை கைவந்த பிறகு மிளகாய்க்குப் போகலாம்.

சுரைக்கு மட்டும் இந்த முறை அண்ணனைக் கேளுங்கள். அவர் பந்தலில் கசப்பே வந்ததில்லை, பக்கத்தில் வேறு சுரையும் இல்லை என்றால், ஒரே காயை நம்பாமல் வேறு வேறு கொடியில் இரண்டு மூன்று காயைப் பறிக்காமல் விடச் சொல்லுங்கள். கொடி காய்ந்து, ஓடு கெட்டியாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும்போது பறித்து, குடுக்கையை உடைக்காமல் அப்படியே பஸ்ஸில் கொண்டுவாருங்கள். ஓட்டுக்குள் இருக்கும்வரை விதைக்கு வேறு பாட்டில் தேவையில்லை. ஆனால் முளைத்த கொடியின் முதல் காயை ருசி பார்க்காமல் யாருக்கும் விதை கொடுத்துவிடாதீர்கள்.